செல்வி வீட்டுக் குண்டு

வேறு தீவிலுள்ள ஹட் பேயிலிருந்து கப்பலில் வந்திருந்த செல்விதான் என்னை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனாள். போர்க்காலத்தில் விமானம் போட்ட குண்டின் வெற்றுக்கூடு அங்கே இருந்தது. கீழே, அதைக் கொடுத்த அவள் அப்பாவின் பெயர். இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு வயிறு எரிந்தது.

சின்ன வயதில் இந்த ஊர்ப் பத்துபஸ்தியில் நாங்கள் பக்கத்துப் பக்கத்து வீடு. அவள் அப்பா கிணறு தோண்டும்போது கிடைத்த குண்டு அது. ராணுவக்காரர்கள் மருந்தை அகற்றிவிட்டுக் கூட்டைத் திருப்பித் தந்தார்கள். வெயிலில் சுடும் அந்தத் துருப்பிடித்த இரும்பின்மேல் தெருப் பிள்ளைகள் எல்லோரும் ஏறி உட்காருவார்கள். என்னை மட்டும் செல்வி கடைசியாகத்தான் ஏற்றுவாள்.

“நம்ம வீட்டுக்கும் ஒண்ணு வேணும்ப்பா” என்று அழுதேன். அப்பா வாழைக்கு வெட்டிய குழியை எனக்காக இன்னும் ஆழமாகத் தோண்டினார். கல்தான் வந்தது.

“பாரும்மா, வெறும் பத்தர்தான்” என்று கல்லை எடுத்துக் காட்டினார்.

பிறகு செல்வியின் அப்பா குண்டை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு, மாற்றலாகிக் குடும்பத்தோடு ஹட் பே போனார். அங்கே சுனாமி அவரைக் கொண்டுபோய்விட்டது.

செல்வி முந்தானையால் அந்தப் பெயரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது.

“சாப்பாட்டுக்கு வந்துருவியாம்மா?” என்றார் அப்பா.

பேசி முடித்ததும் செல்வி கேட்டாள்: “தினம் கூப்பிடுவாராடி?”

“ம்.”

“குடுத்து வெச்சவ” என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.