நாலரை அடி வட்டம்

கைகள் இரண்டும் ஓர் இரும்புக் கம்பியைப் பிடித்திருக்கின்றன. கம்பியில் கட்டிய நைலான் கயிற்றின் மறுமுனை, இரண்டு ஆள் உயரம் வளர்ந்து நிற்கும் செடிக்கூட்டத்தின் அடியை வளையமாகப் பற்றியிருக்கிறது. கயிறு தொய்யாமல் கைகள் இழுத்தபடி நகர, கம்பியின் நுனி மண்ணில் கோடு கிழித்துக்கொண்டே ஒரு சுற்று வந்து, தொடங்கிய புள்ளியில் சரியாக முட்டுகிறது. நாலரை அடி. பிறகு கைகள் மண்வெட்டிக்கு மாறுகின்றன. கோட்டுக்குள் புல், பூண்டு, முளை என்று எது தலை நீட்டியிருந்தாலும், மாங்காய்த் தோல் சீவுவதுபோல மேலாகச் சீவி வெளியே தள்ளுகின்றன. வேலை முடியும்போது மண், வழித்துத் தின்ற தட்டுபோல இருக்கிறது.

"இதுல பாய் போடாமலே படுக்கலாம்லா," என்கிறார் கைகளுக்குச் சொந்தக்காரர்.

"படுங்க. சோறு வெந்ததும் எழுப்புறேன்," என்று சமையலறை ஜன்னலிலிருந்து பதில் வருகிறது.

படுக்கலாம் என்றவர் இருளப்பன். எழுப்புகிறேன் என்றவர் அவர் மனைவி ரமணி. கெடா மாநிலத்தில், கரங்கானை ஒட்டிய தாமான் குடியிருப்பு ஒன்றில் மூலை வீடு அவர்களுடையது. மூலை வீடு என்பதால் பக்கவாட்டில் கொஞ்சம் நிலம் உண்டு. இருளப்பன் அதை நிலம் என்று சொல்வதில்லை, 'பீல்டு' என்பார். செர்டாங் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் முப்பத்தெட்டு வருடம் வேலை செய்தவர். அதில் கடைசி பத்தொன்பது வருடம் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். தோட்டம் அவருக்கு ஓய்வு கொடுத்து நான்கு வருடம் ஆகிறது. அவர் தோட்டத்துக்கு இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை.

காலை ஆறே காலுக்குப் பெரட்டு. ஆட்கள் வரிசையில் நிற்க, பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் அந்தப் பழைய வழக்கத்தை அவர் செடிகளிடம் நடத்துகிறார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், முழுக்கைச் சட்டை, கையில் ஒரு குச்சி. ஒன்றாம் நம்பர் கறிவேப்பிலை, இரண்டு எலுமிச்சை, மூன்றிலிருந்து ஏழு வரை மிளகாய், எட்டு, வட்டம் போட்ட அந்தக் கந்தான் புதர். யார் வாடியிருக்கிறார்கள், யாருக்குப் பூச்சி என்று குச்சியால் இலையைத் தூக்கிப் பார்ப்பார். ரமணி ஜன்னலில் நின்று தேநீர் ஆற்றியபடி அதைக் கவனிப்பார். "கறிவேப்பிலைக்கு இன்னிக்கு எம்.சி. லீவாம். விட்டுடுங்க," என்பார்.

மனிதர்களையும் அவர் செம்பனைக் குலையைப் போலத்தான் தரம் பிரிக்கிறார். பக்கத்து வீட்டுக் குழந்தைவேலு 'ஓவர் ரைப்'. ஜொகூரில் வேலை பார்க்கும் மருமகன் சசிதரன் நல்ல பிள்ளைதான், ஆனாலும் 'அண்டர் ரைப்'. மகள் ரூபினியின் கல்யாணப் பந்தியில், பரிமாறியவன் வைத்த வாழைப்பழத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, "இத வெட்டுனவன் யாரு, கூப்பிடு," என்று கேட்டவர் அவர். மணப்பெண்ணின் அப்பா என்பதால் பரிமாறியவன் வேறு பழம் எடுக்க ஓடினான்.

வட்டத்துக்கு வருவோம். செம்பனைத் தோட்டத்தில் ஒவ்வொரு மரத்தின் அடியிலும் புல் சீவி வட்டம் போடுவார்கள். பழுத்த குலையிலிருந்து உதிரும் பழம் கண்ணில் படவும், பொறுக்க வசதியாக இருக்கவும் அந்த ஏற்பாடு. கந்தானிலிருந்து எந்தப் பழம் உதிரப்போகிறது என்று ரமணி ஒருமுறை கேட்டார். இருளப்பன் அவரைக் கொஞ்ச நேரம் பரிதாபமாகப் பார்த்தார். "வட்டம் போடாத மரம் தாலி கட்டாத பொண்டாட்டி மாதிரி," என்றார். அதற்குமேல் விளக்கம் கேட்க ரமணிக்கு விருப்பமில்லை.

கந்தான் இந்த மண்ணின் செடி. இஞ்சிக்கு நெருங்கிய உறவு. ஆற்றோரத்தில், கம்பத்துக் கிராம வீடுகளின் பின்புறத்தில், யாரும் நட்ட நினைவே இல்லாமல் புதராக நிற்கும். ஒருமுறை ஊன்றினால் ஆயுசுக்கும் போகாது. அதன் பூமொட்டு கூம்பி, இளஞ்சிவப்பாக, தீப்பந்தம்போல இருக்கும். விரிவதற்கு முன் வெட்டிப் பொடியாக நறுக்கி மீன் குழம்பு நூடுல்ஸில் போட்டால்தான் லக்சாவுக்கு லக்சா என்று பெயர். விரிந்துவிட்டால் கண்ணுக்கு அழகு, சட்டிக்கு ஆகாது.

இந்தச் செடியைக் கொடுத்தவர் சம்பந்தியம்மா பிரேமாவதி. கோத்தா கோலா மூடாக்காரர். படகு கரையேறும் இடத்திலேயே மீன் வாங்கி லக்சா வைப்பவர்; நாக்கும் அந்த மீன் முள்ளைப் போலத்தான். மூன்று வருடத்துக்கு முன்பு, கல்யாணம் முடிந்து மறுவீடு வந்தபோது, பழத்தட்டோடு ஒரு பிளாஸ்டிக் பையையும் நீட்டினார். உள்ளே மண்ணோடு கிழங்கு.

"எங்க வீட்டுல பாத்திரம் கழுவுற தண்ணி போற எடத்துல கெடக்குது சம்பந்தி. யாரும் திரும்பிக்கூடப் பாக்குறதில்ல. அது பாட்டுக்குப் பூத்துத் தள்ளுது. நீங்க மரம் வளர்த்தவரு. ஒங்க கையில எப்படி இருக்கும்னு பாப்போம்."

பார்த்தார்கள். செடி வளர்ந்தது. அப்படி ஒரு வளர்ச்சி. தண்டு தண்டாகக் கிளம்பி, கூரைத் தகரத்தை உரசியது. பூ மட்டும் வரவில்லை.

முதல் வருடம் இருளப்பன் மண்ணைக் குறை சொன்னார். செம்பனைக்குப் போடும் உரத்தை வாங்கி வந்து, வட்டத்துக்குள் அளந்து தூவினார். இரண்டாம் வருடம் புதுக் கண்டுபிடிப்பு: இது ஆண் செடி. செம்பனையில் ஆண் பூ, பெண் பூ இருப்பதுபோல இதிலும் இருக்கும் என்றும், சம்பந்தியம்மா தெரிந்தே ஆணைக் கொடுத்துவிட்டார் என்றும் ரமணியிடம் ரகசியக் குரலில் சொன்னார். மூன்றாம் வருடம் பழி குழந்தைவேலுவின் கண்மேல் விழுந்தது. செடியில் ஒரு பழைய பூட்ஸ் தலைகீழாகத் தொங்கியது.

நம்பிக்கை மட்டும் குறையவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. மாதா மாதம் வட்டம் சீவி முடித்து மண்வெட்டியைக் கழுவும்போது, இரும்பிலிருந்து ஒரு வாசனை எழும். புளிப்பும் காரமும் கலந்த, மூக்கை நிமிர்த்தும் வாசனை. இருளப்பன் கண்ணை மூடி இழுத்து மோந்துவிட்டு வீட்டுக்குள் குரல் கொடுப்பார்: "ரமணி, மண்ணுல வாசம் ஏறிடுச்சு. அடுத்த மாசம் பூ."

கடந்த மார்ச்சில், ஹரிராயா பெருநாள் விடுமுறைக்கு வந்த பிரேமாவதி செடியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கோடு போட்ட வட்டத்தைப் பார்த்தார். தொங்கும் பூட்ஸைப் பார்த்தார்.

"என்னா சம்பந்தி, செடிக்குப் பள்ளிக்கூடம் நடத்துறீங்களா?"

"வரும். நேரம் எடுக்கும்லா."

"ஜூன்ல பேரனுக்கு மொத பொறந்தநாளு. இங்கதான செய்யப்போறோம். அன்னிக்குக் கந்தான் வெட்டி நான் லக்சா வைக்கணும். பூ இல்லன்னா கெழங்கத் தோண்டி எடுத்துட்டுப் போய்டுவேன். எங்க சாக்கடை ஓரத்துலயே கெடக்கட்டும். அங்க அதுக்கு மரியாதை இருக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இருளப்பன் சிரிக்கவில்லை. முப்பத்தெட்டு வருடம் மரத்தோடு வாழ்ந்தவரின் பீல்டிலிருந்து, மகளின் மாமியார், சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்க்க, ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு போவதா? அன்றிரவு அவர் சோறு பாதியில் எழுந்துவிட்டதை ரமணி கவனித்தார்.

ரமணியின் கண் சாதாரணக் கண் இல்லை. கூலிமில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தோரு வருடம் செக்கிங் பிரிவில் இருந்தவர். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் அந்தக் கையுறை அவரைத் தாண்டிப் போகாது. ஏப்ரல் மாத வட்டம் முடிந்த அன்று, சீவி ஒதுக்கிய குப்பையை வாரிக் கொட்டப் போனவர் அதில் ஒன்றைப் பொறுக்கி எடுத்தார். விரல் நீளம். கூர் முனை. இளஞ்சிவப்பு. ஒடித்து மோந்தார். அப்படியே கொண்டுபோய்க் கணவர் முன் நீட்டினார்.

"என்னாங்க, இது என்னா?"

"லாலான் புல்லு முளை."

"லாலான் சிவப்பா இருக்குமா? மோந்து பாருங்க."

இருளப்பன் மோந்தார். நீண்ட நேரம் மோந்தார். "மண்ணு வாசம்," என்றார்.

"கெடா முழுக்க மண்ணு இருக்கு. நீங்க சீவுற மண்ணுல மட்டும் எப்படி லக்சா வாசம் வருது?"

விஷயம் இவ்வளவுதான். கந்தான் பூ, இலைத் தண்டின் உச்சியில் வராது. கிழங்கு மண்ணுக்கடியில் ஓடிப்போய், இரண்டடி மூன்றடி தள்ளி, தனியாக ஒரு முளையை மேலே அனுப்பும். அந்த முளைதான் உயர்ந்து மொட்டாகும். மூன்று வருடமாகச் செடி ஒழுங்காகத்தான் பூக்க வந்திருக்கிறது. நாலரை அடிக்குள் வந்த அத்தனை பூவையும் மண்டோர் ஒழுங்காகச் சீவியிருக்கிறார். சாக்கடை ஓரத்துச் செடி பூத்ததற்குக் காரணம், அங்கே இருளப்பன் இல்லை.

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "நீ ரப்பர் கையுறை பார்த்தவ. செடியப் பத்தி ஒனக்கு என்னா தெரியும்?" என்று எழுந்து போனார். ஆனால் பிற்பகலில் ரமணி துணி எடுக்க வந்தபோது, அவர் வட்டத்துக்குள் முட்டி போட்டு, விரலால் மண்ணைத் தடவிக்கொண்டிருந்தார். சீவிய முளைக் கட்டை ஒவ்வொன்றிலும் விரல் நின்றது. உதடு எண்ணியது. பதினொன்றில் நிறுத்திக்கொண்டார். ரமணி துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே போனார்.

மே மாதம் வட்டம் சீவவில்லை. புல் கணுக்காலுக்கு வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் குழந்தைவேலு நடையை நிறுத்தினார்.

"என்னா மண்டோரே, ஒடம்புக்கு முடியலையா? பீல்டுல மாடு மேயலாம் போல இருக்கே."

"புது முறைலா இது. மண்ணு மூடி இருக்கணும். வேருக்குச் சூடு ஆகாது. ஒனக்குச் சொன்னா புரியாது."

"யாரு சொன்னது?"

"நான்தான் கண்டுபிடிச்சேன்."

ஜன்னலுக்குப் பின்னால் ரமணிக்கு இருமல் வந்தது. அது வெகுநேரம் நிற்கவில்லை.

ஒரே ஒரு முளை தப்பிப் பிழைத்து மேலே வந்தது. இடுப்பு உயரம் வளர்ந்து, முனை தடித்து, மொட்டானது. இருளப்பன் பெரட்டை மறந்தார். நாற்காலியை வட்டத்துக்குப் பக்கத்தில் போட்டு, கோழி விரட்டினார், நத்தை பொறுக்கினார், பந்து விளையாடும் பிள்ளைகளை அடுத்த தெருவுக்கு அனுப்பினார். பிறந்தநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது இன்னொரு பயம் பிடித்தது. வெயில் கடுமை. ஞாயிற்றுக்கிழமைக்குள் மொட்டு விரிந்துவிட்டால்? மொட்டுக்குக் குடை கட்டினார். ஈரத் துண்டைச் சுற்றி, அது காயக் காய மறுபடி நனைத்தார்.

"ரூபினி பொறந்தப்ப நான் ஆஸ்பத்திரில கெடந்தேன். நீங்க சாயந்தரம்தான் வந்தீங்க," என்றார் ரமணி.

"அன்னிக்கு உரம் போடுற நாளு," என்றார் இருளப்பன், துண்டைப் பிழிந்தபடி.

ஞாயிறு காலை பிரேமாவதி வந்து இறங்கினார். ஒரு கையில் ஐஸ் பெட்டி, அதில் மீன். பேரனைக்கூடத் தூக்காமல், "மண்ணு தோண்டுற சங்கோல் கார் பூட்டுலதான் இருக்கு, எடுக்கவா வேணாமா?" என்று கேட்டுக்கொண்டே பக்கவாட்டுக்கு நடந்தார். ரமணி கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் போனார்.

மொட்டு நின்றது. இறுகக் கூம்பி, நுனியில் ஒரு மடல் மட்டும் லேசாகத் தளர்ந்து. பிரேமாவதி கிட்டப் போய் ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "நல்லாத்தான் வந்திருக்கு," என்றார். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை ரமணி முதல் முறையாகக் கேட்டார்.

இருளப்பன் கையில் கத்தியோடு விறைத்து நின்றார். அப்போதுதான் ரமணி தரையைப் பார்த்தார். நேற்று சாயந்தரம் அவர் புல்லை வெறுங்கையால் பிடுங்கியிருக்கிறார். விருந்தாளி வரும் நாளில் வட்டம் புல்லோடு இருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. மண் பழையபடி வழித்த தட்டு. அந்தத் தட்டில், சீவிய வாய் காய்ந்து வெளுத்த முளைக் கட்டைகள் அங்கங்கே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. கந்தான் வளர்த்த யாருக்கும் அவை என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை.

"வேற எத்தன மொளைச்சு வருதுன்னு பாப்போம்," என்று பிரேமாவதி குனியப் போனார்.

"சம்பந்தி," என்றார் இருளப்பன். அவர் அவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டு ரமணி கேட்டதில்லை. கத்தி ஒரே வீச்சில் தண்டை அறுத்தது. இரண்டு கைகளாலும் மொட்டைத் தூக்கி, பிரேமாவதியின் நெற்றிக்கும் மேலே, கோபுரக் கலசத்தைக் காட்டுவதுபோல நீட்டினார். பிரேமாவதி நிமிர்ந்தார். கண்ணை மேலே வைத்தபடியே இரண்டு கையையும் உயர்த்தி அதை வாங்கினார்.

கீழே, இருளப்பனின் வலது பூட்ஸ் மிதித்திருந்த கட்டையை விட்டு மெதுவாக நகர்ந்து, பிரேமாவதியின் பக்கம் இருந்த அடுத்த கட்டையின் மேல் ஏறி நின்றது.