சுகமானவர்களுக்கு இடமில்லாத வாங்கு

மன்னார் கீரியில் எங்கள் வீட்டு முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. முசலியிலிருந்து ஜெஸீமா ராத்தாவின் மகள் பேசினாள். "உம்மா மௌத்தாயிட்டா, அன்ரி. பின்னேரம் அஸர் தொழுகையோட அடக்கம்." பிறகு, "நீங்க வரலாம். இனி ஒண்டும் சொல்லமாட்டா," என்றாள். அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. வீட்டுப் பக்கம் வரவேண்டாம் என்று அவளுடைய தாய் எனக்குச் சொல்லி மாதக்கணக்காகியிருந்தது.

ராத்தாவைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ராத்தா என்றால் முஸ்லிம் ஆட்களில் அக்கா. எனக்கு அவர் உறவுமில்லை, ஊருமில்லை. இரண்டு பேருக்கும் நுரையீரலில் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே எலும்புவரை போயிருந்தது.

அவரை முதலில் கண்டது கிளினிக்கில், நோயாளர் வரிசையாக இருக்கும் நீள வாங்கில். மினிபஸ் கொண்டக்டர் ஆள் கூப்பிடுவதுபோல வாங்கு வாங்காகக் கேட்டுக்கொண்டு வந்தார். "மன்னார்ப் பக்கம் ஆரும் இருக்கிறீங்களோ? நுரையீரல் கான்சர் ஆக்கள்?" எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எங்கள் வீட்டில் அதற்கு 'அந்த வருத்தம்' என்றுதான் பெயர். ஒரு மனுசி அதை இப்படிச் சத்தமாகச் சொல்லிக் கேட்டது அன்றுதான். நான் கையை உயர்த்தினேன். அவர் சுகம்கூட விசாரிக்கவில்லை.

"எலும்புக்குப் போயிட்டுதோ?"

"ஓம்."

"எனக்கும்தான். கொஞ்சம் அங்கால தள்ளுங்கோ," என்று பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் ஒரு மண்டபத்தில் கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஒவ்வொருவராக எழும்பித் தாங்கள் வென்ற கதையைச் சொன்னார்கள். கைதட்டல் ஓயவில்லை. ராத்தாவின் முறை வந்தது. "எனக்குச் சுகமாகாது. இந்த இழுப்போட எப்பிடிப் படுக்கிறது, எப்பிடிச் சோறு இறக்கிறது எண்டு தெரிஞ்ச ஆக்கள் இருந்தாச் சொல்லுங்கோ," என்றார். ஒலிவாங்கியை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்கள். தேநீர் நேரம் அமைப்பாளர் அம்மா எங்களை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு, "குறை நினைக்காதேங்கோ, உங்களைப் பாத்தா மற்றவைக்குப் பயமாக் கிடக்கு," என்றார். நல்ல மனுசிதான். எங்கள் கையில் ஆளுக்கொரு கேக் துண்டும் தந்து அனுப்பினார்.

வெளியே வந்து ராத்தா சொன்னார்: "வருத்தக்காரரும் எங்களத் தள்ளிவைச்சிட்டாங்க. இனி நாம ரெண்டு பேரும்தான் சங்கம்."

அந்தச் சங்கத்தில் அப்பிள், பிஸ்கட் கொண்டுபோகக்கூடாது. பொறுமை, விசுவாசம் என்று பேசக்கூடாது. டொக்டர் சொன்னதை மறைக்கக்கூடாது. கதிரையில் இருந்து மேசையில் தலையணையைப் போட்டுக் குப்புறச் சாய்ந்தால் மூச்சுக் கொஞ்சம் இறங்கும் என்று எனக்குக் காட்டித் தந்தவர் அவர்தான். படித்த ஆட்கள் எவரும் சொல்லவில்லை. அப்படிச் சாய்ந்துதான் நான் பல கிழமைகளுக்குப் பிறகு நித்திரைகொண்டேன்.

எங்களைப் பார்க்க வருகிறவர்களின் முதல் கேள்வி சிகரட்தான். நாங்கள் இரண்டு பேரும் வாயில் வைத்ததில்லை. ஒருநாள் அயல்வீட்டுக்காரி, "உங்கட மனுசன் சிகரட் குடிக்கிறவரோ?" என்று கேட்டாள். "அவரில்ல, நான்தான். ஒரு நாளைக்கு ஒரு பெட்டி," என்றார் ராத்தா, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். அவள் போனபின் சிரித்துச் சிரித்து இருமி, கைலேஞ்சியில் இரத்தம் கண்டபின்தான் நிறுத்தினார்.

பிறகு மாத்திரை வந்தது. எங்கள் இரண்டு பேரின் கட்டியிலும் துண்டு எடுத்துப் பரிசோதிக்க அனுப்பியிருந்தார்கள். ஒரு மாத்திரை எனக்குப் பொருந்தும் என்றும் அவருக்குப் பொருந்தாது என்றும் முடிவு வந்தது. ஏனென்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. எனக்கு இருமல் நின்றது. கன்னத்தில் சதை வைத்தது. ராத்தாவின் கழுத்தெலும்பு மட்டும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் வெளியே தெரிந்தது.

ஒருநாள் நான் அவர் வீட்டு வாசற்படி ஏறி உள்ளே போகிறேன், அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "படியேறி வாறீங்க, மூச்சு வாங்கல்ல. அதை என்னால பாக்க ஏலாது, தங்கச்சி. நீங்க சுகமாகிட்டீங்க. இனி வராதீங்கோ."

"எனக்கும் சுகமாகாது ராத்தா. கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான்."

"அப்ப பிந்தி வாங்கோ," என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதன்பிறகு இரண்டு தரம் போனேன். இரண்டு தரமும் மகள் படலையடியில் நின்று அழுதாள். எனக்கு ராத்தாமேல் சரியான கோபம். இன்றைக்கும் இருக்கிறது. நான் அவருடைய இடத்தில் இருந்திருந்தால் இன்னும் முதலே படலையைச் சாத்தியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும்.

மையத்து வீட்டில் பெண்கள், "எவ்வளவு பொறுமையான மனுசி," என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பொறுமைக்கும் அவருக்கும் வெகுதூரம். ஒருத்தி என் காதோடு குனிந்து, "களவாச் சிகரட் குடிக்கிறவவாம், மெய்யோ?" என்றாள்.

"ஓம். நான்தான் வாங்கிக் குடுக்கிறனான்," என்றேன்.

அவருடைய மகளிடமும் அன்று சொல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. அதற்கு முதல் கிழமைதான் என் ஸ்கேன் வந்திருந்தது. மாத்திரை வேலைசெய்வதை நிறுத்திவிட்டது. நோய் ஈரலுக்கும் போய்விட்டது. வீட்டில் சொன்னால் அழுவார்கள், கோயிலில் சொன்னால் செபிப்பார்கள். அந்தச் செய்தியோடு இழுத்து இழுத்துப் படியேறினால் கதவைத் திறந்து, "வாங்கோ, வந்து இருங்கோ," என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். முசலிக்குப் போக வான் பிடிக்க நினைத்திருந்த நாளில்தான் அவருடைய மகள் தொலைபேசி எடுத்தாள்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கூப்பாடு. போன கிளினிக்கில் எழும்பி நின்று, வெட்கத்தை விட்டு, வாங்கு வாங்காகக் கேட்டேன். "மன்னார்ப் பக்கம் ஆரும் இருக்கிறீங்களோ? நுரையீரல் கான்சர் ஆக்கள்?" தலைகள் குனிந்தன. கடைசி வாங்கில் தலைமன்னார் மீன்பிடிக்காரர் ஒருவர் கையை அரைவாசி உயர்த்தி, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்குச் சுகமாகுதோ?"

"இல்லை," என்றேன்.

அவர் பக்கத்தில் வைத்திருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அங்கால தள்ளி இருந்தார்.