பிரேக் மிதித்த ஞாயிறுகள்

சென்ற வாரம் நசரத்பேட்டை அருகே முன்னால் போன லாரி சட்டென்று நின்றதால், நானும் பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டியதாயிற்று. பாதத்தின் கீழ் பெடல் படபடவென்று துடித்தது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் கார் ஒழுங்காக நின்றது. பின்னால் வந்தவர் என் வளர்ப்பைப் பற்றிச் சில கருத்துகள் சொல்லிவிட்டுப் போனார். நானோ அந்தத் துடிப்பிலேயே தங்கிவிட்டேன்.

தொண்ணூறுகளில் அந்தத் துடிப்பை அறிந்த கால்கள் எங்கள் பக்கத்தில் அதிகம் இருந்திருக்காது. அம்பத்தூர்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த என் கணவர், ஞாயிறுகளில் நண்பரின் பழைய வெளிநாட்டுக் காரை நெடுஞ்சாலையோரப் பந்தயத் திடலில் ஓட்டுவார். போட்டி எதுவுமில்லை, வேகத்தின் மீது ஆசை, அவ்வளவுதான். முகப்பேர் வீட்டில் நானும் நூலகப் புத்தகங்களும் இருப்போம். படித்து முடித்த கதையைச் சொல்ல ஆளின்றி குக்கரிடம் சொன்னதுண்டு. அது ஒரு விசிலோடு நிறுத்திக்கொள்ளும்.

ஓர் ஆயுதபூஜைக்குப் பிறகு, சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும் அந்தக் காரின் ஏ.பி.எஸ். கெட்டது. வேகம் குறையும்போது காய்ந்த சாலையிலேயே பெடல் துடிக்கும். பிரேக் தானாகவே விட்டுக்கொடுக்கும். காரணம் தெரியும்வரை திடலுக்குப் போவதில்லை என்று முடிவாயிற்று. சோதிக்கும்போது பெடலை மிதிக்க ஓர் ஆள் வேண்டும். “நீ வர்றியா?” என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிக் கேட்டது அதுவே முதல் முறை.

காட்டுப்பாக்கத்து மெக்கானிக் ஷெட்டில் ஞாயிறுதோறும் நான் உள்ளே அமர்ந்து மிதிப்பேன், விடுவேன். அவர் சக்கரத்தருகே படுத்துக் கவனிப்பார். இடையிடையே, என்ன படிக்கிறேன் என்று காருக்கடியிலிருந்து விசாரிப்பார். கதை சூடுபிடிக்கும் இடத்தில் ஸ்பேனர் கேட்பார் என்பது வேறு விஷயம். கோளாறு அகப்படாத மாலைகளில் அவர் முகம் வாடும். எனக்கோ, அடுத்த ஞாயிறும் உறுதியாயிற்று என்று உள்ளூர ஒரு நிம்மதி.

ஒரு மாலை, ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து நின்றபோது, சூடேறிய முன்சக்கரத்திலிருந்து சந்தன மணம் வந்தது. அவருக்கு ஜலதோஷம், தெரியவில்லை. சொல்லாதிருந்தால் இன்னும் சில ஞாயிறுகள் கிடைக்கும். ஆனால், இப்படியே திடலுக்கு எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று அவர் பேச ஆரம்பித்திருந்தார். அந்தப் பெடலில் இருக்கப்போவது அவருடைய கால்.

“இந்தச் சக்கரத்துல சந்தன வாசனை வருதுங்க,” என்றேன்.

அவரும் மெக்கானிக்கும் கழற்றிப் பார்த்தார்கள். சக்கரம் சுழல்வதை உணரும் கட்டைவிரலளவு சென்சாரின் அடியில் சந்தனம் கெட்டியாகக் காய்ந்திருந்தது. பூஜையன்று ஷெட்டில் கழற்றித் துடைத்து மேசைமேல் வைத்திருந்த அதற்கும், மற்றக் கருவிகளோடு சந்தனமும் குங்குமமும் இட்டு, அப்படியே மாட்டிவிட்டார்கள். நூலளவு தூக்கி நின்றதால் மெல்லச் சுழலும் சக்கரம் அதற்குத் தெரியவில்லை. சக்கரம் பூட்டிக்கொண்டதென்று எண்ணி ஏ.பி.எஸ். பிரேக்கை விட்டிருக்கிறது.

மெக்கானிக் மாசிலாமணி தலையைச் சொறிந்தார். “இன்னா சார் பண்றது? ஸ்பேனருக்கெல்லாம் வச்சிகினு இத்த மட்டும் உட்டா, சாமி கோச்சிக்காது?”

“சாமி கோச்சிக்கல மாசிலாமணி. கார்தான் கோச்சிக்கிச்சு,” என்றார் என் கணவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த ஞாயிறு காலையிலேயே கிளம்பிப் போனார். பொழுது சாய்ந்து வந்து, பிரேக் அருமையாகப் பிடிக்கிறது என்றார். நல்லது என்றேன்.

ஷெட் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி நிற்கிறது. அவர் போயும் வருடங்களாகின்றன. இப்போதெல்லாம் ஒரு கருவியைச் செருகினால் எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று அதுவே சொல்லிவிடுகிறது. உள்ளே உட்கார்ந்து மிதிக்க, இன்னோர் ஆள் வேண்டியதில்லை.