கூரை மேல் ஒரு டீ கிளாஸ்

பம்மலில் மொபெட் ரிப்பேர் செய்யும் அவரிடம் நான் பெயர் கேட்கவே இல்லை. ஒல்லியான உடம்பு, கறுத்த நகங்கள், காதில் பென்சிலைப்போலச் செருகிய சின்ன அரம்.

என் ரிமோட் காரை அவரிடம் கொண்டுபோனேன். பெட்ரோலில் ஓடும் ஒன்றரை முழக் கார். இன்ஜினை ஸ்டார்ட் செய்தாலே போதும், ரிமோட்டைத் தொடாமலே நகர ஆரம்பித்துவிடும். போன வாரம் அப்படித்தான் ஒரு ஷேர் ஆட்டோவுக்கு அடியில் போய் நின்றது. ஞாயிற்றுக்கிழமையோ திருநீர்மலைப் பக்கத்தில் பந்தயம்.

"கிளட்ச்சு அவசரப்படுது சார். மொபெட்லயும் இதே பேஜார்தான்" என்றவர், இன்ஜினோடு சுழன்று விரிந்து பிடிக்கும் கிளட்ச் கட்டைகளைக் கழற்றி அரத்தால் ராவினார். எடை குறைந்தால், இன்ஜின் வேகமெடுத்த பிறகுதான் கட்டைகள் பிடிக்குமாம்.

மாட்டி, இன்ஜினை மெதுவாக உறுமவிட்டு, காரின் கூரை மேல் தன் டீ கிளாஸை வைத்தார். கார் நகர்ந்தது. கிளாஸை எடுத்துக்கொண்டு மறுபடி ராவினார். மூன்றாவது தடவை டீ மட்டும் நடுங்கியது, கார் நகரவில்லை. ஒவ்வொரு வாய் குடித்ததும் கிளாஸைத் திரும்பக் கூரையிலேயே வைத்தார். டீ தீர்ந்ததும் இன்ஜினை அணைத்துவிட்டார்.

"ஓட்டிப் பாக்கலியாண்ணா?"

"அது ஓடும் சார். ஓடாம இன்னா பண்ணப் போவுது? எடுத்துகினு போ."

ஓடுவதைப் பார்க்க ஆசைப்படாத மெக்கானிக்கை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பந்தயத்தில் எனக்கு நான்காவது இடம்தான். ஆனால் தொடக்கக் கோட்டில் மற்றவர்கள் எல்லோரும் குனிந்து, திமிறும் கார்களைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் நிமிர்ந்து நின்றேன். கொடி அசையப்போகும் நேரத்தில், என் காரின் கூரையிலிருந்து என் டீ கிளாஸை எடுத்துக்கொண்டேன்.