வேகமாய்ச் சுழன்ற வீடு

நான் நெளுக்குளத்தில் வீட்டு வரைபடங்கள் வரைந்து கொடுப்பவள். வரைந்த வீட்டைத் திரையில் சுழற்றிக் காட்டும்போது என் கணினி திணறியதால், நல்ல கிராபிக்ஸ் கார்ட் ஒன்று வாங்க 2000ஆம் ஆண்டில் வவுனியா நகரில் ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் 16 எம்.பி. கார்ட்டையும், விலை கூடிய 32 எம்.பி. கார்ட்டையும் இரண்டு கணினிகளில் பொருத்தி வைத்திருந்தார். நான் கொண்டுபோன படத்தையே இரண்டிலும் திறந்தார். விலை கூடியதில் வீடு வழுக்கிக்கொண்டு சுழன்றது. மற்றதில் விட்டுவிட்டு அசைந்தது.

“பாத்தீங்கள்தானே அக்கா?” என்றார்.

“ஓம், கூடினதையே தாங்கோ” என்றேன்.

அவர் பெட்டி எடுக்க உள்ளே போனபோதுதான், வேகமான திரையில் எழுத்துகள் பெரிதாகத் தெரிவதைக் கவனித்தேன். கணினியின் திரை அமைப்பை (செட்டிங்ஸ்) திறந்து பார்த்தேன். திரைத் துல்லியத்தையும் நிறங்களையும் அதில் ஆகக் குறைத்து, மற்றதில் ஆகக் கூட்டி வைத்திருந்தார். ஒன்றுக்கு வேலையே இல்லை. மற்றதன் தலையில் முழுப் பாரமும். இரண்டையும் சமமாக்கினேன். இரண்டு வீடும் ஒரே வேகத்தில் சுழன்றன.

திரும்பி வந்தவரிடம் காரணம் கேட்டேன்.

“உதெல்லாம் உங்களுக்கு விளங்காது. வீட்டில ஆம்பிளையள் இருந்தா கூட்டிக்கொண்டு வாங்கோ.”

ஏமாற்றப் பார்த்ததைவிட இந்தப் பேச்சுத்தான் எனக்குச் சுட்டது.

“விளங்கினபடியாத்தான் கேக்கிறன்” என்று சொல்லிவிட்டு, ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன். வேறு கடையில் வாங்கிய 16 எம்.பி. கார்ட் என் வேலைக்குத் தாராளமாகப் போதுமாக இருந்தது.

அதிலிருந்து எந்தக் கடையிலும் கார்ட்டுகளை ஒரே கணினியில் மாற்றி மாற்றிப் போடச் சொல்கிறேன். அமைப்பை என் கையாலேயே சரிபார்க்கிறேன். கடைக்காரர் முகம் சுளித்தாலும், பார்த்து முடியும்வரை கதிரையை விட்டு எழும்புவதில்லை.