சவரக்கத்தியில் விழுந்த பல்

மனைவி பிள்ளையுண்டானால் புருஷன் மழித்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் குப்பத்து வழக்கம். ஒரு கூடை நண்டுக்கு ஒல்லாந்துக் கப்பல்காரன் கொடுத்த சவரக்கத்தியை அதனால் கூரையில் செருகிவிட்டேன்.

நான் பழவேற்காட்டு ஏரியில் வலையோடு நின்றபோது என் மனைவிக்குப் பிரசவ வலி கண்டது. பிள்ளை செத்தே பிறந்தது, அவளும் போய்விட்டாள் என்று கரையில் சொன்னார்கள்.

பதினாறாம் நாள் மழிக்கக் கத்தியை எடுத்தேன். அலகின் நடுவே விளிம்பு சிதைந்து பல் விழுந்திருந்தது. எவனோ இதால் நண்டு உடைத்திருக்கிறான் என்று குப்பமே கேட்கும்படி திட்டினேன். பிரசவம் பார்த்த மருத்துவச்சி வந்து நின்றாள்.

“நான்தான் நைனா. தொப்புள்கொடி அறுக்கக் கத்தி கேட்டேன், உம் பொண்டாட்டி கூரையக் காட்டினா. அடியில ஒல்லாந்துக்காரன் கோட்டையில அடிச்ச காசு வச்சு அறுத்தேனா, பல்லு விழுந்துடுச்சு.”

உயிருள்ள பிள்ளைக்குத்தான் கொடிக்கு அடியில் காசு வைப்பார்கள்.

“செத்த புள்ளைக்கு இன்னாத்துக்குக் காசு?” என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. “ரெண்டு தபா அழுதுச்சு நைனா. உங்கிட்ட சொல்ல வாணாம்னு நெனச்சோம்.”

கத்தியை நான் தீட்டவில்லை. இன்றும் மழித்தால் அந்தப் பல் பட்ட இடத்தில், கன்னத்தில் ஒரு கோடு மயிர் நின்றுவிடுகிறது. நிற்கிறது என்று சொல்ல வீட்டில் ஆளில்லை.