மாமா பெயரின் அளவு

லேசர் பிரிண்டரிலிருந்து அப்போதுதான் வந்த தாளைக் கன்னத்தில் வைத்தால் இளஞ்சூடாக இருக்கும். பள்ளி விட்டதும் சின்னமனூரில் சித்தி வைத்திருந்த டி.டி.பி. கடைக்குப் போய், வீணான தாள்களை அப்படி ஒற்றிக்கொள்வது எனக்குப் பிடித்த வேலை. அம்மாவின் தங்கையான அவளைப் போல எழுத்தைப் பார்க்கத் தெரிந்தவரை நான் இன்றுவரை கண்டதில்லை.

அக்காவின் கல்யாணப் பத்திரிகையில்தான் வம்பு வந்தது. எங்கள் பக்கம் பத்திரிகையில் பெயர் எவ்வளவு பெரிதோ, உறவில் மரியாதையும் அவ்வளவு. ஜெயமங்கலத்துப் பெரியப்பா தம் பெயரை “போல்டா” போடச் சொல்ல, அதைக் கேள்விப்பட்ட மார்க்கையன்கோட்டைத் தாய்மாமா தமக்கு அதைவிடத் தடிப்பாக வேண்டுமென்றார். இவர்களைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்கொரு “ஸ்டைல்” எழுத்துக் கேட்டார்கள். அத்தனையையும் போட்டு எடுத்த முதல் தாளில் எல்லாரும் தடிதடியாக நின்றார்கள். பெண்ணின் பெயரையும் முகூர்த்த நேரத்தையும் தேட வேண்டியிருந்தது.

“எல்லாரும் ஒண்ணாக் கத்துனா யாரு சொல்றது காதுல விழும், அண்ணே?” என்றாள் சித்தி.

மாமா மசியவில்லை. “எம் பேரு சிறுத்துச்சுன்னா, சீர்த்தட்டோட நான் மண்டபம் ஏற மாட்டேன்.”

தாய்மாமன் வராத கல்யாணத்தை எங்கள் வீட்டில் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. அக்கா சரியாகச் சாப்பிடவே இல்லை.

சித்தி சண்டைக்குப் போகவில்லை. அலங்கார எழுத்துகளையெல்லாம் தூக்கிவிட்டு, சுழியும் கொம்பும் தெளிவாகத் தெரியும் சாதாரண எழுத்தில் அத்தனை பெயரையும் ஒரே அளவில் போட்டாள். வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விட்டாள். மணமக்கள் பெயரை மட்டும் பெரிதாக்கி, முகூர்த்த நேரத்தைத் தனி வரியில் வைத்தாள். அந்தத் துணிச்சலை நினைத்தால் இப்போதும் சிலிர்க்கிறது.

மாமா தாளை வாங்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். கிட்டத்து எழுத்து மங்கும் சாளேசுரம் வந்தும் கண்ணாடி போட மறுக்கும் வீம்புக்காரர். கையை நீட்டிப் பிடித்து, வாய்விட்டு வாசித்து வந்தவர் தம் பெயரில் நின்றார்.

“சிறுசாத்தான் இருக்கு. ஆனா கண்ணாடி இல்லாமப் படிச்சுட்டேன். அச்சடி, ஆத்தா.”

“அவுகளே ஒத்துக்கிட்டாகன்னா எனக்கென்ன?” என்று பெரியப்பாவும் அடங்கினார். கல்யாணத்தன்று சீர்த்தட்டோடு முதல் ஆளாக மண்டபம் ஏறியவர் மாமாதான்.

இப்போது பத்திரிகை கைப்பேசிக்கே வந்துவிடுகிறது, மின்னும் எழுத்தும் பாட்டுமாக. பெயர் சின்னதாக இருந்தால் விரலால் பெரிதாக்கிக்கொள்கிறார்கள். அளவுக்காகக் கோபித்துக்கொள்ள ஆளில்லை. போன மாதம் என் மகளின் காதுகுத்துப் பத்திரிகையைச் சித்திதான் செய்தாள். மாமாவின் பெயருக்கு முன்னால் ‘தெய்வத்திரு’ சேர்த்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் பெருசாக்கலாமா சித்தி?” என்றேன்.

“வேணாம்த்தா. அண்ணன் ஒத்துக்கிட்ட அளவு இது.”